பேர் யார் பேரில் இருக்கு? வீட்டுத் தொழிலுக்கு இணையத்தில் இடம் பிடிக்கும் முன்

எங்க மதினி பன்னிரண்டு வருஷம் பட்டாசு ஆலைக்குப் போய் வந்தவங்க. பக்கத்து ஆலை ஒன்றில் விபத்து நடந்த அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்க, மறுநாள் வேலைக்குக் கிளம்பவில்லை. எங்க கரிசல் காட்டில் மானாவாரியாக விளைகிற குதிரைவாலியை வச்சு அரிசி, கஞ்சி மாவு, முறுக்கு என்று வீட்டிலேயே ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாளில் வெளியூர் ஆர்டரும் வந்தது. சொந்தமாக ஒரு வெப்சைட் இருந்தால் நல்லதுன்னு ஆளாளுக்குச் சொல்ல, தெரிந்த தம்பி ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து ஒன்று போட்டோம். சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? ஐயாயிரம் லேபிள் அடிச்சு, அடியில் வெப்சைட் முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டாச்சு.

மூன்றாவது வருஷம் தை மாசம், குதிரைவாலி அறுப்பு நேரம். கோயம்புத்தூரில் இருந்து வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா போன் பண்ணி, "உங்க முகவரியைப் போட்டா சீட்டாட்ட விளம்பரம் வருதேம்மா, நீங்க கடையை வித்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. போட்டுப் பார்த்தால் உண்மை. அந்தத் தம்பி தொழிலை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டார், போன் நம்பரும் மாறிப் போச்சு. அவரைத் திட்டி என்ன பண்ண? பேரை அவர் கணக்கில், அவர் ஈமெயிலில் பதிஞ்சிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு. வேற யாரோ அந்தப் பேரைப் பிடிச்சுட்டாங்க. எங்களிடம் மிச்சம் இருந்தது மூவாயிரத்துச் சொச்சம் லேபிள்.

இந்த அடி பட்டபிறகுதான் இதைப் பற்றி விசாரிச்சுக் கத்துக்கிட்டேன். மதிப்புக்கூட்டி நேரடியாக விற்கிற நம்ம ஆட்கள் நிறையப் பேர் இப்போ வெப்சைட் போடுறாங்க. அவங்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். வெப்சைட் என்று நாம் ஒரே வார்த்தையாகச் சொல்வது உண்மையில் இரண்டு சமாச்சாரம். ஒன்று பேர், அதாவது டொமைன். இன்னொன்று இடம், அதாவது ஹோஸ்டிங். நம்ம படம், விலைப்பட்டியல், எழுத்து எல்லாம் ஒரு கம்பெனியுடைய கம்ப்யூட்டரில் இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். அதில் நமக்கு ஒதுக்குகிற மூலைக்குத்தான் வாடகை கட்டுகிறோம். பேர் என்பது அந்த மூலைக்கு வழி காட்டுகிற பலகை. காட்டுக் கணக்கில் சொன்னால், பேர் பட்டா மாதிரி, ஹோஸ்டிங் குத்தகை மாதிரி. குத்தகைக் காடு சரியில்லைன்னா அடுத்த வருஷம் வேற காடு பார்க்கலாம். பட்டா அடுத்தவன் பேரில் இருந்தால் அவ்வளவுதான். ஒரே ஒரு வித்தியாசம்: இந்தப் பட்டாவுக்கு வருஷா வருஷம் கிஸ்தி கட்டியே ஆகணும். கட்டத் தவறினால் பேர் பொதுவுக்குப் போயிடும். உடனே போகாது. டாட் காம் பேராக இருந்தால், கெடு முடிந்தபிறகு 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுகிற கம்பெனிகள் உண்டு. அதையும் தாண்டினால் 30 நாள், அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம் என்று விட்டுவிடுவாங்க. மூடின பேர்களைக் கம்ப்யூட்டர் வச்சுக் கண்காணித்து, அந்த நொடியிலேயே அள்ளிக்கொள்வதற்கென்றே ஆட்கள் இருக்காங்க. எங்க பேர் போனது அப்படித்தான் இருக்கணும்.

அதனால் வெப்சைட் செய்து தருகிறவர் உங்க சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், பேரை மட்டும் நீங்களே உட்கார்ந்து வாங்குங்க. உங்க பேர், உங்க போன் நம்பர், உங்க ஈமெயில், ரசீதும் உங்க பேரில். அந்த ஈமெயில் நீங்க தினமும் பார்க்கிறதாக இருக்கணும். புது வெப்சைட்டின் பேரிலேயே உண்டாக்கின ஈமெயிலைக் கொடுத்துடாதீங்க. பேர் போச்சுன்னா அந்த ஈமெயிலும் சேர்ந்து போகும், மீட்கிறதுக்கு வருகிற கடிதத்தைப் படிக்கக்கூட வழி இருக்காது. ஏற்கனவே வேறொருவர் கணக்கில் பேர் இருக்குன்னா பயப்பட வேண்டாம். உறவு நல்லா இருக்கும்போதே 'டிரான்ஸ்பர் கோடு' என்று கேளுங்க. அதைக் கொடுத்தால் உங்க கணக்குக்கு மாற்றிக்கலாம். டாட் காம் பேரைப் புதுசாகப் பதிந்த முதல் 60 நாளைக்கு வேற கம்பெனிக்கு மாற்ற முடியாது. பேர் எந்தத் தேதியில் முடியுது என்பதை 'ஹூ ஈஸ்' என்று தேடினால் யாரும் பார்க்கலாம், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. இதைப் படிச்சு முடிச்சதும் உங்களுடையதைப் பாருங்க.

டாட் இன் பேர்களை நிக்சி என்கிற இந்திய அமைப்பு கவனிக்குது. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடிகிற முகவரியும் அங்கே உண்டு. எனக்கு அதில் ஆசைதான். ஆனால் சில செயலிகள் தமிழ் முகவரியைப் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகக் காட்டிவிடுகின்றன. அதனால் இரண்டாவது பேராக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

நம்ம வட்டாரத்துக்கு மட்டும் ஒரு சங்கடம் இருக்கு. பட்டாசை ஆன்லைனில் ஆர்டர் எடுத்து விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் தீபாவளி நெருங்கினால் 'சிவகாசி' என்ற பேரோடு புற்றீசல் மாதிரி பட்டாசு வெப்சைட்டுகள் கிளம்பும். அதில் பணத்தை வாங்கிட்டு மறைந்து போகிற போலிகளும் உண்டு. காவல்துறையின் சைபர் பிரிவே எச்சரிக்கை விட்டிருக்கு. (ஏமாந்தவங்க 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடணும்.) ஊர் பேரைப் பார்த்ததும் ஜனங்க ஒரு நிமிஷம் தயங்குறாங்க. நாங்க அனுப்புவது முறுக்கு, ஆனாலும் பார்சல் ஆபீசில் "உள்ளே வெடி இல்லையே அண்ணாச்சி"ன்னு இன்னைக்கும் கேட்கத்தான் செய்றாங்க. ஆகவே முகவரியில் சிவகாசியைச் சேர்க்கிறதா வேண்டாமா என்று யோசிங்க. நாங்க புதுப் பேரில் சேர்க்கவில்லை. பதிலாக, பக்கத்தின் முகப்பிலேயே வீட்டு முகவரி, பேசுகிற போன் நம்பர், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், பங்கேற்பு உத்தரவாதச் சான்றிதழின் படம் எல்லாம் போட்டிருக்கோம். முன்பணம் அனுப்பும் முன்னே பேசிப் பார்க்க ஒரு குரல் இருக்கணும்.

இந்தச் சங்கடம் ஹோஸ்டிங்கிலும் உண்டு. மலிவான இடம் எல்லாம் கூட்டுக் குடித்தனம்தான், ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளம் இருக்கும். உள்ளூரில் ஒருவர் மொத்தமாக இடம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார் என்றால், உங்க பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசு விலைப்பட்டியலாகத்தான் இருக்கும். புரட்டாசி ஐப்பசியில் அங்கே கூட்டம் மொய்த்தால் உங்க பக்கமும் திணறும். அதில் ஒன்று மோசடித் தளமாக இருந்து அந்த சர்வர் கறுப்புப் பட்டியலுக்குப் போனால், நீங்க அனுப்புகிற ஈமெயிலும் குப்பைப் பெட்டிக்குப் போகும். நமக்கும் தீபாவளிப் பலகாரம்தான் பெரிய சீசன், அந்த நேரத்தில் படுத்தால் வருஷ வருமானமே படுத்த மாதிரி. அதனால் உள்ளூர்க்காரரிடம் டிசைன் வேலையைக் கொடுங்க, வாடகையை நேரடியாக ஹோஸ்டிங் கம்பெனிக்கே கட்டுங்க.

எவ்வளவு இடம் வேணும்? இங்கேதான் நம்மைச் சுலபமாக ஏமாத்தலாம். நான் போட்ட கணக்கு இது. 25 பொருள், பொருளுக்கு 4 படம், மொத்தம் 100 படம். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். அதைச் சுருக்கி 150 கேபி ஆக்கினால் 100 படத்துக்கும் சேர்த்து 15 எம்பிதான். மாசம் 3,000 தடவை பக்கம் திறக்கப்படுது, ஒரு பக்கம் 1 எம்பி என்றால் மாசத்துக்கு 3 ஜிபி போக்குவரத்து. ஆகச் சின்னத் திட்டமே நமக்குத் தாராளம். 'அன்லிமிடெட்' என்று பெரிசாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கிணறு வற்றாது என்று சொல்லிட்டு மோட்டார் குதிரைத்திறனைக் குறைத்து வைக்கிற கதைதான் அது. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சர்வரின் வேகத்துக்கும் ஒரு வரம்பு விதிமுறைகளுக்குள்ளே ஒளிஞ்சிருக்கும்.

விலையில் பார்க்க வேண்டியது முதல் வருஷத்தை அல்ல. அது தூண்டில் புழு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது சின்ன எழுத்தில் இருக்கும், பல இடத்தில் இரண்டு மூன்று மடங்கு. அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாலு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பாங்க. ஒரு வருஷம் கட்டிப் பார்த்து, பிடிச்சா நீட்டிக்கலாம். பூட்டுக் குறி வருகிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீங்க. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அதை 2016லிருந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்குது, நல்ல கம்பெனிகள் அவங்களே போட்டுத் தந்துடுவாங்க. சர்வர் இந்தியாவில் இருக்கான்னும் கேளுங்க. அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் போய்வர கால் நொடி ஆகும். ஒரு பக்கம் திறக்க அப்படிப் பல கேள்வி போகணும். டவர் கிடைக்காத ஊரில் இருக்கிறவர் பொறுமை இழந்து மூடிடுவார்.

பணம் கட்டும் முன்னே ராத்திரி எட்டு மணிக்கு அவங்க உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்க. தளம் கெட்டுப் போனால் நேற்றைய நகலை இலவசமாகத் திரும்பப் போடுவீங்களா, நான் வெளியேறினால் எல்லாக் கோப்பையும் எடுத்துட்டுப் போகலாமா என்று கேளுங்க. மழுப்பினால் வேற இடம். அவங்க நகல் எடுத்தாலும் மாசம் ஒரு முறை நாமும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கணும். விதையை மொத்தமும் ஒரே குதிரில் யாரும் கொட்டி வைக்கிறதில்லை.

இதெல்லாம் தேவையே இல்லாதவங்களும் இருக்காங்க. ஐம்பது வாடிக்கையாளர், ஐந்து பொருள் என்றால் வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கிற இலவசப் பொருள் பட்டியலே போதும். ஆனால் இலவச இடத்தை மட்டுமே நம்பி லேபிள் அடிச்சுடாதீங்க. சின்னக் கடைகளுக்கு கூகுள் இலவசமாக வெப்சைட் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை மொத்தமாக மூடிட்டாங்க, அந்த முகவரிகள் எதுவும் இப்போ இல்லை. நடுவழி ஒன்று இருக்கு: பேரை மட்டும் வாங்குங்க, அதைத் தட்டினால் உங்க வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி வச்சுக்கலாம். பல கம்பெனிகளில் அதற்குத் தனி ஹோஸ்டிங்கே வேண்டாம். தொழில் வளரும்போது அதே பேரில் பெரிய கடையைக் கட்டலாம், லேபிளை மாற்ற வேண்டியதில்லை.

எங்க பழைய பேரைத் திரும்ப வாங்க முயற்சி பண்ணலை. வழக்குப் போட வழி இருக்கு, ஆனால் அந்தப் பேரில் வணிகக்குறி உரிமை இருக்குன்னு காட்டணும், செலவும் எங்களுக்குத் தாங்காது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து, மிச்ச லேபிளில் பழைய முகவரி மேலே புது ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டினாங்க. இப்போ மதினி பேரில் கணக்கு, மதினி போனுக்குத்தான் ஓடிபி வருது. வருஷப் பிறப்புக்கு சிவகாசி தினசரி காலண்டர் வீட்டுக்கு வந்ததும் ஆவணி மாசத் தாளைத் தேடிப் பிடிச்சு, "பேருக்குப் பணம் கட்டணும்"ன்னு சிவப்பு மையில் எழுதி வச்சிட்டுத்தான் ஆணியில் மாட்டுறாங்க.