6174 என்னும் எண்ணும் அதனைப் பற்றிய கட்டுரையும்

பலர் கூடி எழுதும் கலைக்களஞ்சியங்களில் பொழுதுபோக்குக் கணிதத்திற்கும் இடம் உண்டு. விளையாட்டாகத் தோன்றும் இத்துறையைப் பற்றி எழுதுதல் எளிதென்று பலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிபந்தனை ஒன்று விடுபட்டாலும் இங்கே கட்டுரை பொய்யாகிவிடும். படிப்பவரோ பெரும்பாலும் பள்ளி மாணவர். பென்சிலை எடுத்து உடனே சரிபார்ப்பவர்.

நேயர்கள் ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக விளங்கியவர் டி. ஆர். கப்ரேகர். 1949ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அவர் ஒரு செய்தியை அறிவித்தார். நான்கு இலக்க எண் ஒன்றன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதினின்று சிறியதைக் கழிக்க வேண்டும். வரும் விடையையும் அவ்வாறே செய்துகொண்டு போனால், ஏழு முறைக்குள் 6174 வந்து நிற்கும். அம்மாநாடு கூடிய ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 9941இல் 1499 போக 8442. தொடர்ந்து 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவதாக 6174. அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் அதுவே வரும்.

இதனைக் கட்டுரையாக்குவோர் 'எந்த நான்கு இலக்க எண்ணும்' என்று எழுதிவிடுதல் உண்டு. 1111ஐ எடுப்பவருக்கு வருவது பூஜ்யமே. ஆகவே, நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2111இல் 1112 போக 999. இதனை 0999 என நான்கு இலக்கமாகவே கொண்டால் 8991, 8082, 8532 வழியாக 6174ஐ அடைகிறோம். முன்னிற்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் 999இல் 999 போய் ஒன்றும் மிஞ்சாது. மாணவர் தம் கணக்கே தவறென்று எண்ணித் தாளைக் கிழித்துவிடுவார். அரசாங்கச் சட்டங்களை மொழிபெயர்க்கும் எம்போன்றோருக்கு வரம்புரை விடுபட்டால் நேரும் கேடு நன்கு தெரியும்; அக்கேடே இங்கும் நேர்கிறது.

'மாய எண்' என்று வியப்பதைவிடக் காரணத்தைக் கூறுதல் நன்று. இலக்கங்களை இறங்கு வரிசையில் அ, ஆ, இ, ஈ எனக் கொண்டால், கழித்து வரும் விடை 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ) ஆகும். விடையை முடிவு செய்பவை இவ்விரு வேறுபாடுகளே. முதலாவது 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது முதலாவதைவிட மிகுதல் இயலாது. எண்ணிப் பார்த்தால் 54 வகைகளே தேறும். ஒரு மாலைப் பொழுதில் சிலேட்டில் அவற்றை முற்றும் சோதித்து முடிக்கலாம். நான்கு இலக்க எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, வேலை 54இல் அடங்குவதே எமக்கு 6174ஐக் காட்டிலும் சுவையாகத் தோன்றுகிறது.

பெயரிலும் கவனம் வேண்டும். 6174 'கப்ரேகர் மாறிலி' எனப்படும். 'கப்ரேகர் எண்' என்பது வேறு. 297ஐ வர்க்கித்தால் 88209. அதனைப் பிரித்து 88ஐயும் 209ஐயும் கூட்டினால் மீண்டும் 297. இத்தகையனவே கப்ரேகர் எண்கள். 6174 அவற்றுள் சேராது.

1975இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பின்னரே கப்ரேகரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அவரோ 1962இலேயே ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுவிட்டார்.

மூன்று இலக்கங்களுக்கு இவ்வாறு நிற்கும் எண் 495. ஐந்து இலக்கங்களுக்கு அவ்வாறு நிற்கும் எண் எதுவும் இல்லை. விடைகள் ஒரு சுழலுக்குள் சுற்றிச் சுற்றி வரும். கட்டுரையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குதல் வேண்டும். 6174ஐக் கண்ட மாணவர் அடுத்து ஐந்து இலக்கத்தையே முயன்று பார்ப்பார்.