பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் ஊமை!
கண்டுபிடித்தது தியேட்டர் ஆபரேட்டரின் காது

சென்னை:
ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊபர், ஒரு ரிசீவர், படம் ஓட்ட ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் சத்தம் வந்தது முன்பக்கம் மட்டும்!

இது வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நடந்த கதை. கம்ப்யூட்டரை வைத்து ஹோம் தியேட்டர் அமைத்த பல வீடுகளில் இதே கதைதான். அங்கெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. சத்தம் வருகிறதா, வருகிறது. அவ்வளவுதான்.

இந்த வீட்டில் கவனித்துவிட்டார்கள். காரணம், வீட்டுப் பெரியவர். வயது 71. வடசென்னை தியேட்டர் ஒன்றில் 30 வருடம் புரொஜக்டர் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. இடித்துவிட்டு கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள்.

பெரியவருக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. சினிமாவுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. தனியார் கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் மகன் ஒரு முடிவு செய்தார். சீட்டு எடுத்து, அப்பாவுக்காகத் தியேட்டரையே வீட்டுக்குக் கொண்டு வந்தார். ரிசீவர் மட்டும் செகண்ட் ஹேண்ட்.

முதல் நாள். இங்கிலீஷ் சண்டைப் படம். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கிறது.

"எப்டிப்பா இருக்கு?" என்றார் மகன்.

"டேய், பின்னாடி ரெண்டும் பேசலியேடா!" என்றார் அப்பா.

ஒரு பட்டன் வித்தை

கடைக்குப் போன் போயிற்று. ஒரு பையன் வந்தான். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினான். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அலறின.

"பாத்தீங்களா சார், சரவுண்டு!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெரியவர் ஐந்து நிமிடம் கேட்டார். முகம் சுருங்கியது.

"இது சரவுண்டு இல்லடா. முன்னாடி வர்றதையே பின்னாடியும் ஊத்துறான். ஹீரோ பேசுறது எதுக்குடா என் முதுகுக்குப் பின்னாடி கேக்குது?"

அவர் சொன்னது சரி. அந்தப் பட்டனுக்கு 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்று பெயர். இரண்டு வழி ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கும். கல்யாண வீட்டுக்கு உதவும். சினிமாவுக்கு உதவாது.

மறுபடியும் போன். இந்த முறை கடைக்காரரே பேசினார். "ரிசீவர் பழசு சார். புதுசு மாத்திடுங்க. 60 ஆயிரத்துல நல்லதா வரும்."

மகனிடம் அப்போது கையில் இருந்தது, பெண்ணின் ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வைத்த பணம்தான். அதில் கை வைப்பதா என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. கடைசியில் ஆபீஸ் நண்பர் ஒருவர், ரிச்சி தெருவில் ஆம்ப்ளிபையர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்.

வயரைப் பார்த்தார்

மெக்கானிக் ஸ்பீக்கரைத் தொடவில்லை. ரிசீவரையும் திறக்கவில்லை. டி.வி.யின் பின்னால் எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

அவர் கூறியதாவது:-

"கம்ப்யூட்டர்ல இருந்து வயர் டி.வி.க்குப் போகுது. டி.வி.யில இருந்து ஆப்டிகல் வயர் ரிசீவருக்கு வருது. இங்கதான் கோளாறு. கம்ப்யூட்டர், வயரோட அந்த முனையில யார் இருக்காங்கன்னு விசாரிக்கும். டி.வி., 'எனக்கு ரெண்டு ஸ்பீக்கர்தான்'னு சொல்லும். உடனே கம்ப்யூட்டர் ஆறு வழி ஒலியை ரெண்டா சுருக்கி அனுப்பிடும். அப்புறம் ரிசீவர் என்ன பண்ணும், பாவம்!"

சரி, ஆப்டிகல் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து நேராக ரிசீவருக்குப் போட்டால்?

பாதிக் கிணறு தாண்டலாம். ஆப்டிகல் வயரில் பழைய டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். போகும். ஆனால் புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ போகாது. இவை ஒலியில் எதையும் வெட்டி எறியாமல் மடித்து வைத்த ரகம். பழைய டி.டி.எஸ். விநாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட். மாஸ்டர் ஆடியோ 24.5 மெகாபிட் வரை போகும். சந்துக்குள் லாரியை விட முடியுமா?

லாரிக்கு ரோடு போட்டது எச்.டி.எம்.ஐ. 1.3. வந்தது 2006-ல். அப்போதும் கம்ப்யூட்டருக்கு உடனே வழி கிடைக்கவில்லை. இந்த ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, 2009-ல் ரேடியான் எச்.டி. 5000 வரிசையோடுதான் வந்தது. இன்று சாதாரண கம்ப்யூட்டரிலேயே அந்த வசதி இருக்கிறது.

கேபின் ரகசியம்

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க கேபின்லயும் இதே கதைதாம்ப்பா. டால்பி டிஜிட்டல், பிலிம் ஓரத்துல பல்சக்கர ஓட்டைகளுக்கு நடுவுல அச்சடிச்சிருக்கும். டி.டி.எஸ்.னா சவுண்டு தனியா சி.டி.யில, பிலிம்ல அதுக்கு ஒரு கோடு மட்டும் ஓடும். பிலிம் அழுக்கானாலோ கீறல் விழுந்தாலோ டிஜிட்டலைப் படிக்க முடியாது. மிஷின் தானா பழைய டிராக்குக்கு மாறிடும். சவுண்டு நிக்காது. அதனால ஜனங்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அன்னிக்கு சாப்பாடு இறங்காது" என்றார்.

மெக்கானிக் வாயடைத்துப் போனார். இந்த மனிதரிடமா கடைக்காரர் பட்டன் வித்தை காட்டினார்!

வேலை ஆரம்பமானது. புது எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று, ஆறடி, விலை 400 ரூபாய். தங்க முலாம் பூசிய 3 ஆயிரம் ரூபாய் வயரும் உண்டு. இது டிஜிட்டல் சமாச்சாரம். விலைக்காக ஒலி இனிக்காது. கம்ப்யூட்டரிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டி.வி. வரிசை மாறியது.

அடுத்து, விண்டோஸ் சவுண்டு செட்டிங்கில் 'ஸ்டீரியோ' என்று இருந்ததை 5.1 ஆக்கினார். படம் ஓட்டும் கோடி சாப்ட்வேரில் 'பாஸ்த்ரூ' என்பதை ஆன் செய்து, ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. இரண்டுக்கும் டிக் போட்டார். கம்ப்யூட்டர் பொட்டலத்தைப் பிரிக்காமல் கொடுக்க, ரிசீவர் பிரித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரே பிரித்து அனுப்பினாலும் 5.1 கேட்கும், தரம் குறையாது. ஆனால் அட்மாஸ் ரிசீவர் வைத்திருப்பவர்கள் டிஸ்க் படத்தைப் பிரிக்காமல்தான் அனுப்ப வேண்டும். பிரித்தால் உயரத்து ஒலி போய்விடும்.

ஒரு சங்கடம் உண்டு. பாஸ்த்ரூ போட்டபின் கம்ப்யூட்டரில் வால்யூம் கூட்டினால் கூடாது. ரிசீவர் ரிமோட்தான். இது தெரியாமல் 'ரிப்பேர்' என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய என்கிறார் மெக்கானிக்.

டி.வி. வழியாகத்தான் வர வேண்டும் என்றால், டி.வி., ரிசீவர் இரண்டிலும் 'இ-ஆர்க்' இருக்க வேண்டும். வெறும் 'ஆர்க்' போதாது. ரிசீவர் பழசாகி 4கே படத்தைக் கடத்த மறுத்தால், கம்ப்யூட்டரில் இரண்டு எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா பாருங்கள். ஒன்று டி.வி.க்கு, ஒன்று ரிசீவருக்கு. ஓ.டி.டி. படம் மட்டும் பார்ப்பவர்கள் இத்தனை பாடு படவே வேண்டாம். அங்கே வருவது சுருக்கிய ஒலிதான்.

இரவு 9 மணி

அதே படம். அதே ஹெலிகாப்டர். ரிசீவரின் சின்னக் கண்ணாடியில் 'ஸ்டீரியோ' மறைந்து 'ட்ரூ எச்.டி.' என்று எழுத்து வந்தது. ஹெலிகாப்டர் முன்னால் கிளம்பி, இடது தோளைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் போய்த் தேய்ந்தது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"இப்ப பேசுதுடா" என்றார்.

மெக்கானிக்குக் கூலி 500 ரூபாய். ஸ்கூல் பீஸ் அந்த வாரமே கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். சப்-ஊபர் இப்போது பாதி அளவில்தான் ஓடுகிறது.