பதினறும மிதவைப்புள்ளி எண்களை வாசித்தல்

பதினறும மிதவைப்புள்ளி எண் என்பது கணினியில் இரும வடிவில் சேமிக்கப்பட்டுள்ள ஒரு மெய்யெண்ணை, அதன் மதிப்பு சிறிதும் மாறாமல், எழுத்து வடிவில் குறிக்கும் முறையாகும். இது 1999 ஆம் ஆண்டின் சி மொழிச் சீர்தரத்தில் (சி99) இடம்பெற்றது. மிதவைப்புள்ளிக் கணக்கீட்டுக்கான ஐ-டிரிப்பிள்-ஈ 754 சீர்தரத்தின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பும் இம்முறையை உள்ளடக்கியது. இவ்வெண்களை உரைக்கோப்பிலிருந்து நிரல் வழியே வாசிக்கும் முறையும், அப்போது நேரக்கூடிய பிழைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

எழுதும் முறை

பதினறும முறையில் 0 முதல் 9 வரையான இலக்கங்களுடன், 10 முதல் 15 வரையான மதிப்புகளுக்கு ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகள் பயன்படுகின்றன. மிதவைப்புள்ளி எண் நான்கு பகுதிகளைக் கொண்டது:

1. '0எக்ஸ்' என்னும் முன்னொட்டு
2. புள்ளியுடன் கூடிய பதினறும இலக்கங்கள்
3. 'பி' என்னும் அடுக்குக் குறி
4. அடுக்கு எண்

இங்குள்ள 'பி' அகரவரிசையின் 16 ஆம் எழுத்தாகும். 11 என்னும் மதிப்பைக் குறிக்கும் இரண்டாம் எழுத்து இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் வரவில்லை. தசம எண்களில் அடுக்கைக் குறிக்கும் 'இ' என்னும் எழுத்து, பதினறும முறையில் 14 ஐக் குறிப்பதால் அதனை இங்கு பயன்படுத்த இயலாது.

அடுக்கு எண் தசம முறையிலேயே எழுதப்படுகிறது. ஆனால் அது 2 இன் அடுக்கையே குறிக்கும். 10 அல்லது 16 இன் அடுக்கை அன்று.

எடுத்துக்காட்டுகள்:

* 0எக்ஸ்1.8பி1: (1 + 8/16) × 2 = 3
* 0எக்ஸ்1.ஏபி3: (1 + 10/16) × 8 = 13
* 0எக்ஸ்1.999999999999ஏபி-4: கணினி 0.1 எனச் சேமிக்கும் எண்

0.1 என்பதை இரும முறையில் முடிவுறும் எண்ணாக எழுத இயலாது. அதற்கு மிக நெருங்கிய எண்ணையே கணினி சேமிக்கிறது. இதனை மேலுள்ள மூன்றாவது எடுத்துக்காட்டில் நேரடியாகக் காணலாம்: தொடர்ந்து வரும் 9 கள் ஓரிடத்தில் வெட்டப்பட்டு, கடைசி இலக்கம் ஏ (10) என முழுமையாக்கப்பட்டுள்ளது.

தேவை

எண்களைக் குறைந்த இலக்கங்களுடன் அச்சிட்டு மீண்டும் உள்ளிடுவதால் விளைவது என்ன என்பதற்கு வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லொரென்சின் 1961 ஆம் ஆண்டு அனுபவம் புகழ்பெற்ற சான்றாகும். அவருடைய கணினி 0.506127 என்னும் மதிப்பைக் கொண்டிருந்தது, அச்சில் 0.506 மட்டுமே வந்தது. அச்சிட்ட எண்ணை உள்ளிட்டுக் கணக்கீட்டை இடையிலிருந்து தொடங்கியபோது, முன்பு கிடைத்த வானிலைக்குச் சற்றும் பொருந்தாத வானிலை கிடைத்தது.

இக்கால 64 பிட் இரட்டைத் துல்லிய எண்களிலும் இச்சிக்கல் உண்டு. 0.1 + 0.2 என்னும் கூட்டலின் விடை 0எக்ஸ்1.3333333333334பி-2 ஆகும். 0.3 என நேரடியாக எழுதினால் கிடைப்பது 0எக்ஸ்1.3333333333333பி-2. இரண்டும் வெவ்வேறு எண்கள். 15 தசம இலக்கங்களில் அச்சிட்டால் இரண்டும் 0.3 ஆகிவிடும். 17 தசம இலக்கங்களில் அச்சிட்டால் வேறுபாடு காக்கப்படும். பதினறும வடிவிலோ புள்ளிக்குப் பின் 13 இலக்கங்களே போதும், முழுமையாக்கலும் நிகழ்வதில்லை.

கோப்பிலிருந்து வாசித்தல்

சி மொழியில் பின்வரும் வழி பாதுகாப்பானது:

1. கோப்பின் ஒரு வரியைச் சரமாக வாசிக்க வேண்டும்.
2. சரத்தை எண்ணாக மாற்றும் 'எஸ்டிஆர்-டு-டி' செயற்கூறிடம் அதனைத் தர வேண்டும்.
3. மாற்றம் எந்த எழுத்தில் நின்றது என அச்செயற்கூறு திருப்பித் தரும் சுட்டியைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் படியைத் தவிர்த்தல் கூடாது. சி99 க்கு முந்தைய நூலகங்கள் பதினறும வடிவை அறியா. அவை முதல் 0 ஐ மட்டும் வாசித்து, 'எக்ஸ்' என்னும் எழுத்தில் நின்றுவிடும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. எல்லா அளவீடுகளும் சுழியாகவே உள்ளே வரும்.

பிற மொழிகளில் உள்ள வசதிகள்:

* சி++: உள்ளீட்டு ஓடையிலிருந்து நேரடியாக வாசிப்பது சில செயலாக்கங்களில் தோல்வியடைகிறது. சரமாக வாசித்துப் பின் மாற்றுவதே நன்று. 2017 ஆம் ஆண்டுச் சீர்தரத்தின் 'ஃபிரம்-சார்ஸ்' செயற்கூறு, '0எக்ஸ்' முன்னொட்டை நீக்கிய பின்னரே சரியாக வாசிக்கும்.
* ஜாவா: 2004 இல் வெளியான 5 ஆம் பதிப்பு முதல் 'பார்ஸ்-டபுள்' இவ்வடிவை ஏற்கிறது. அடுக்குப் பகுதி கட்டாயம்.
* பைத்தான்: 2008 இல் வெளியான 2.6 ஆம் பதிப்பு முதல் 'ஃபிரம்ஹெக்ஸ்' உள்ளது. வழக்கமான 'ஃப்ளோட்' மாற்றி இவ்வடிவை ஏற்காது.

கவனிக்க வேண்டியவை

* கணினியின் மொழி அமைப்பு செருமன், பிரெஞ்சு போன்றதாக இருந்து, நிரல் அதனை ஏற்றிருந்தால், சி நூலகம் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியை எதிர்பார்க்கும். அப்போது 1.8 என்பது 1 உடன் நின்றுவிடும்.
* 32 பிட் ஒற்றைத் துல்லிய மாறியில் 24 பிட்டுகளே மதிப்புக்கு உரியவை. 13 இலக்கங்கள் கொண்ட எண்ணை அதில் வாசித்தால் அது முழுமையாக்கப்பட்டு, துல்லியம் குறையும்.

ஐபிஎம் வடிவமும் பெயர்க் குழப்பமும்

ஐபிஎம் நிறுவனம் 1964 இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளின் சேமிப்பு வடிவமும் 'பதினறும மிதவைப்புள்ளி' என்றே அழைக்கப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973 இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்வடிவில் அடுக்கு 2 ஐ அன்றி 16 ஐ அடிமானமாகக் கொண்டது. இது எண்ணை எழுதும் முறை அன்று. நினைவகத்தில் பிட்டுகளை அடுக்கும் முறை.

இரண்டையும் குழப்பினால் நேரும் தவறு பெரிது. ஐபிஎம் ஒற்றைத் துல்லிய வடிவில் 0.1 இன் பிட்டுகளைப் பதினறுமத்தில் எழுதினால் 4019999ஏ எனக் கிடைக்கும். அதே பிட்டுகளை ஐ-டிரிப்பிள்-ஈ வடிவம் எனக் கருதி வாசித்தால் 2.4 கிடைக்கும். இரண்டும் நம்பத்தக்க எண்களே என்பதால் பிழை கண்ணில் படாது. எனவே பழைய தரவுகளில் 8 பதினறும இலக்கங்கள் புள்ளியோ 'பி' குறியோ இன்றிக் காணப்பட்டால், அவை எவ்வகைக் கணினியில் எழுதப்பட்டவை என அறிந்த பின்னரே மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* இரும எண் முறை
* பதினறும எண் முறை
* சி நிரல்மொழி