நடை பழக்கும் உடை

நாம் நடக்கும்போது குதிக்கால் எழும்பும் கணத்தில் கெண்டைக்கால் தசை உடலை முன்னே உந்துகின்றது. அடுத்த கணம் முன்பாதம் மேல்நோக்கி வளைந்து, நிலத்தில் உரசாது முன்செல்கின்றது. இவ்விரண்டையும் நாம் நினைந்து செய்வதில்லை. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கோ இரண்டும் அரிதாகிவிடுகின்றன. உந்த வலுவில்லை, தொங்கும் பாதம் வாசற்படியில் இடறுகின்றது. இடறாதிருக்கக் காலை இடுப்பிலிருந்து வட்டமாக வீசி நடக்கின்றார். சிறிது தூரத்திலேயே களைத்துவிடுகின்றார். அப்பாற் சந்திக்குப் போவதையே விட்டுவிடுபவர் பலர்.

இத்தகையோருக்கு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருவது கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்ரிக் அணை. அது பாதம் தொங்குவதைத் தடுக்கும். ஆனால் கணுக்காலை இறுக்கிவிடுவதால், எஞ்சியிருக்கும் உந்துதலுக்கும் இடையூறாகலாம்.

அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கொனர் வால்ஷ் என்னும் பொறியியலாளரும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியை நாடினர். அவர்கள் அமைத்த றோபோ உடையில், காலைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் இல்லை. இடுப்பில் ஒரு பட்டி, கெண்டைக்காலில் ஒரு துணிச்சுற்று, சப்பாத்தினுள் ஒரு தகடு. இவற்றை இணைப்பவை சைக்கிள் பிறேக் கம்பியைப் போல உறைக்குள் ஓடும் கம்பிகள். இடுப்பிலுள்ள மோட்டர் அவற்றை இழுக்கும். பின்புறக் கம்பி உந்துதலுக்கு உதவும்; முன்புறக் கம்பி பாதத்தைத் தூக்கும். எப்போது இழுப்பது என்பதே இதில் முழு வித்தை. கணம் தப்பினால் உதவியே தடையாகிவிடும். ஆகவே காலின் அசைவை உணரும் கருவிகள் ஒவ்வோரடியையும் அளந்து, இழுக்கும் வேளையைக் குறிக்கின்றன.

2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் பாரிசவாதத்துக்குள்ளான 9 பேர் இதனை அணிந்து நடந்தனர். உடை இயங்காது நடந்ததிலும் பார்க்க, இயங்கியபோது நடைக்குச் செலவான சக்தி நூற்றுக்கு 10 வீதமளவில் குறைந்தது. பாதம் 5 பாகையளவு கூடுதலாக மேலெழும்பியது. பத்து வீதம் சிறிதெனத் தோன்றலாம். பாதி வழியில் மதிலைப் பிடித்து மூச்சு வாங்குபவருக்கு அது சிறிதன்று.

2019 இல், இவ்வழியில் அமைந்த ‘ரீஸ்டோர்’ என்னும் உடையை, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் நடைப் பயிற்சிக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இசைவளித்தது.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வுடை உடலின் பாரத்தைச் சுமப்பதில்லை. அறவே நடக்க இயலாதவரை இது எழுப்பி நிறுத்தாது. சிறிதேனும் அடியெடுத்து வைப்பவருக்கே துணையாகும்.

உடையைக் கழற்றிய பின்னரும் கால் கற்றதை வைத்திருக்குமா என்பதே நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்வி. ஐந்து நிலையங்களில் நடந்து 2020 இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட் பயிற்சியின் பின், உடையின் உதவியின்றி நடந்தபோதும் வேகம் சிறிது கூடியிருந்தது. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க, உடையின்றிப் பயின்ற வேறொரு பிரிவினர் அதில் இருக்கவில்லை. அவ்வளவும் உடையின் பயனா, நாள்தோறும் நடந்ததன் பயனா என்பதை அவ்வாய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.