பத்திரத்தைப் பார்த்தாயிற்று, கட்டடத்தைப் பார்த்தோமா?

ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால் நம் குடும்பங்களில் முதலில் தேடுவது வக்கீலைத்தான். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வாரிசுகள் அனைவரின் கையெழுத்து என்று ஒன்று விடாமல் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பத்திரம் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பார்க்க மட்டும் ஒரு மாலை நேரம் போதும் என்று நினைக்கிறோம். ஹால் எவ்வளவு பெரியது, காற்று வருமா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம், கழிப்பறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதோடு பார்வை முடிந்துவிடுகிறது.

ஜமாஅத்துக்கு வரக்கூடிய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்த ஒருவர், மகளுக்கென்று கடலோர ஊரில் பழைய மாடி வீடு ஒன்றை வாங்குகிறார். வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் படுக்கையறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுகிறது. உள்ளே கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. "உள்ளது உள்ளபடி என்று எழுதித்தானே கொடுத்தேன்" என்கிறார் விற்றவர். "தெரிந்தே மறைத்துவிட்டார்" என்கிறார் வாங்கியவர். இருவரும் உறவினர்கள் வேறு. இதில் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் அந்த உறவு பழையபடி ஒட்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில், சொத்தின் முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற குறைக்கு இந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றாது.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். வியாபாரிகளின் வழக்கத்தில் விலையைக் குறைக்கக்கூடியது எதுவோ அதுதான் குறை. விற்கும்போதே இருந்து, பின்னால் தெரியவந்தால், பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. பார்த்துச் சம்மதித்த குறைக்கு அந்த உரிமை கிடையாது. 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்ற நிபந்தனை ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, வீடு போன்றவற்றில் அது விற்பவரை விடுவிக்காது. ஆக, ஒரே ஊரில் வாங்கியவர் ஒரு மத்ஹபையும் விற்றவர் இன்னொரு மத்ஹபையும் பிடித்துக்கொண்டு நின்றால் இமாமின் பாடு திண்டாட்டம்தான்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் உணவுக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விற்பவருக்கான எச்சரிக்கையாகத்தான் இதை மிம்பரில் சொல்கிறோம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்தக் கை உள்ளே போனதை. மேலே காய்ந்த தானியம் இருந்தது, ஈரம் அடியில்தான் இருந்தது.

ஹனஃபி ஃபிக்ஹில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. வீட்டின் முற்றத்தைப் பார்த்தாலே வீட்டைப் பார்த்ததாகும் என்பது முற்கால நிலைப்பாடு. இமாம் ஸுஃபர் (ரஹ்) மட்டும் அறைகளுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஹிதாயாவின் ஆசிரியரோ, முன்பு வீடுகள் பெரிதாக வேறுபடாமல் இருந்தன, இன்று வேறுபடுகின்றன, எனவே உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறார். எண்ணூறு வருடத்துக்கு முன்பே இப்படி. இன்று வீட்டின் உயிர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் இருக்கிறது. அறைக்குள் நுழைந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் வேண்டும். தெரிந்தவர் என்றால் தரகர் அல்ல. வீடு விற்றால்தான் அவருக்குக் கமிஷன். கொத்தனார் அனுபவசாலிதான், ஆனால் எழுத்தில் அறிக்கை தரமாட்டார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடனுக்கு ஈடான விலை இருக்கிறதா என்று பார்க்க வருபவர். வட்டிக்கு அஞ்சிக் கடன் வாங்காமல், கைப்பணத்தில் வாங்கும் நம்மவர்களுக்கு அந்த ஒரு பார்வைகூடக் கிடைப்பதில்லை. எனவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நாமே கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்பவராக அவர் இருக்கக் கூடாது.

கடலோர ஊர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் என்று நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் பலவும் உப்புக்காற்றில் இருக்கின்றன. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, கம்பியைச் சுற்றி ஒரு பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு நேரடியாகவே படலத்தை உடைக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பி போகும் தடத்திலேயே நேர்க்கோடாக விரிசல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். விற்பனைக்கு முன் அடிக்கும் பெயின்ட் மறைப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டைத்தான்.

பொறியாளர் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார். பொள்ளலான சத்தம் வந்தால் பூச்சோ கான்கிரீட்டோ விட்டுவிட்டது என்று பொருள். ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவி மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை உட்புறத்தின் தரத்தைச் சொல்லும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபினாஃப்தலீன் திரவத்தைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாது. எல்லா வீட்டுக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. பார்வையிலேயே சந்தேகம் வந்தால்தான் அடுத்த கட்டம். உடைத்துப் பார்க்கும் சோதனைக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் மயிரிழையாக ஓடுபவை சாதாரணம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, சுவரின் மறுபக்கமும் தெரிகிற அகலமான விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைச் சொல்லலாம். மரக்கட்டை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையைத்தான் பார்க்க வேண்டும். ஈரமும் கரையானும் அங்கேதான் குடியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்கசிவு காக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. செப்டிக் டேங்க் எங்கே என்றும் கேளுங்கள். போர்வெல்லை ஒட்டியே அதைக் கட்டியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுக்குமாடி என்றால் உங்கள் கதவுக்குள் மட்டும் பார்த்தால் போதாது. கீழே வாகனம் நிறுத்தும் இடத்துத் தூண்களையும் மொட்டைமாடியையும் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலுள்ள குளியலறையில் கசிவு உண்டா என்று விசாரியுங்கள். கட்டுநரிடமிருந்து புதிதாக வாங்கினால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறையை அவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்த ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"இதற்கெல்லாம் யார் செலவு செய்வது?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு இதுவே 5,40,000 ரூபாய். இதைக் கொடுக்கும்போது வராத தயக்கம், அதில் சிறு பங்குகூட ஆகாத பொறியாளர் கூலிக்கு மட்டும் ஏன் வருகிறதோ தெரியவில்லை.

அறிக்கையில் குறை வந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. பழுதுக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம், பழுது பார்த்துத் தரச் சொல்லலாம். கையெழுத்தும் புகைப்படமும் உள்ள அறிக்கை இருந்தால் பேரம் வாய்ச்சண்டை ஆகாது. விற்பவருக்கும் அது நல்லதுதான். குறையைச் சொல்லி விற்ற ஆதாரம் அவர் கையில் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்தே முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். சொந்தத்துக்குள் விற்பனை என்றால் சோதனை என்ற பேச்சே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. "மச்சான், உங்களைச் சந்தேகப்படவில்லை, கட்டடத்தைத்தான் பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொறியாளரின் அறிக்கை கைக்கு வந்த பிறகே முன்பணம். அவசரமாகக் கொடுக்க நேர்ந்தால், அறிக்கையில் கட்டமைப்புக் குறை வந்தால் முழுத்தொகையும் இத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இயன்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில், பெயின்ட் இன்னும் ஈரத்தை மறைக்க முடியாத நேரத்தில் அவரை அனுப்புங்கள்.