மெல்ல இறங்கும் ஜீப்

மேற்கு வங்காள மாநிலத்தின் வடக்கே டார்ஜிலிங் மலை இருக்கிறது. அங்கே மானேபஞ்சன் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரிலிருந்து சந்தக்பூ என்ற மலை உச்சிக்கு ஒரு பாதை போகிறது. சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். அந்த மாநிலத்திலேயே உயரமான இடம் அதுதான். பாதையின் நீளம் சுமார் 31 கிலோமீட்டர்.

பல ஆண்டுகள் அது வெறும் கல் பாதையாகவே இருந்தது. பிறகு பல இடங்களில் சிமெண்ட் போட்டார்கள். ஆனாலும் ஏற்றமும் வளைவும் குறையவில்லை. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பள்ளம்.

இந்தப் பாதையில் பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகள் ஓடின. 1950களில் செய்த வண்டிகள் அவை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், நோயாளி, விருந்தாளி என எல்லாவற்றையும் அவைதான் சுமந்தன.

இவ்வளவு பழைய வண்டிகள் இவ்வளவு மோசமான பாதையில் எப்படி ஓடின? வேகத்தால் அல்ல. மெல்லப் போனதால்தான் ஓடின.

நான்கு சக்கரமும் இழுக்கும்

எல்லா ஜீப்புக்கும் நான்கு சக்கரம் உண்டு. ஆனால் சாதாரண வண்டியில் இன்ஜினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகும். மற்ற இரண்டும் சும்மா உருளும். பலம் போகும் சக்கரம் சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்குக்கும் பலம் போகும். பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் இழுக்கும்.

இப்படிப்பட்ட வண்டியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கம்பி இருக்கும். சில வண்டிகளில் திருகு இருக்கும். அதில் 2எச், 4எச், 4எல் என்று எழுதியிருக்கும். இதன் பொருள் என்ன?

2எச் என்றால் இரண்டு சக்கர இழுவை. நல்ல சாலைக்கு இது போதும்.

4எச் என்றால் நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம். சேறு, பனி, மணல் உள்ள பாதைக்கு இது.

4எல் என்றால் நான்கு சக்கர இழுவை, மிகக் குறைந்த வேகம். செங்குத்தான ஏற்றம், இறக்கம், பாறை ஆகியவற்றுக்கு இது.

கடப்பாரையால் பாறையைப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்த முனை நிறைய தூரம் நகரும். பாறை கொஞ்சம்தான் நகரும். ஆனால் பெரிய பலம் கிடைக்கும். 4எல் கியரும் இப்படித்தான். இன்ஜின் நிறையச் சுற்றும். சக்கரம் மெல்லச் சுற்றும். பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. காய்ந்த தார்ச் சாலையிலும் சிமெண்ட் சாலையிலும் 4எச், 4எல் போட்டு வளைவில் திரும்பக்கூடாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் உருளும். பின்சக்கரம் குறைந்த தூரம் உருளும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் இறுகிப்போகும். உடைந்தும் போகலாம். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொள்ளும். அதனால் அங்கே தொல்லை இல்லை.

இறக்கத்தில்தான் ஆபத்து

ஏற்றம் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இறக்கமே அதிக ஆபத்து. ஏன்?

இறங்கும் வண்டியைப் பூமி இழுக்கிறது. அதைத் தடுக்க டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பிரேக் உரசுகிறது. உரசினால் சூடு உண்டாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியின் எடை 2 டன். அது 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. பிரேக்கால் மட்டுமே அதைப் பிடித்தால் உண்டாகும் சூடு, 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா அளவு தண்ணீர்! இந்தச் சூடு முழுவதும் சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய பிரேக்கில் ஏறுகிறது.

சூடு மிஞ்சினால் பிரேக்கின் பிடி குறையும். கருகல் வாடை வரும். பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது மிதிகட்டை மெத்தென்று உள்ளே போகும். வண்டி நிற்காது.

அப்படியானால் என்ன செய்வது? மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் மாடுகள் காலை ஊன்றி வண்டியைப் பின்னுக்குத் தாங்கும். ஜீப்பில் அந்த வேலையை இன்ஜின் செய்யும். சிறிய கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும்.

புதிதாக வேலைக்கு வந்த உதவியாளர்கள் மூத்த டிரைவரிடம் இப்படிக் கேட்பதுண்டு.

“அண்ணா, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் ஆகுமே?”

“ஆகாது தம்பி. கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்கு டீசல் போவது ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் ஓட டீசல் வேண்டும்.”

“அப்படியானால் இன்ஜினையே நிறுத்திவிட்டால்?”

“அது இன்னும் மோசம். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைப் பலம் போய்விடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டாமா?”

மூத்தவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இயந்திரம் செய்யும் உதவி

இப்போது வரும் வண்டிகளில் ஒரு புதிய வசதி இருக்கிறது. இறக்கத்தில் வண்டியைத் தானே மெல்ல இறக்கும் வசதி அது. இதை முதலில் கொண்டுவந்தது இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் நிறுவனம். 1997ஆம் ஆண்டு ஃப்ரீலேண்டர் என்ற வண்டியில் இதை வைத்தார்கள். அந்த வண்டியில் 4எல் கியர் கிடையாது. அந்தக் குறையை ஈடு செய்யவே இந்த வழியைக் கண்டார்கள். 2008ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் நிறுவனத்தை நம் நாட்டின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியது.

இந்த வசதி எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஓர் உணர்கருவி இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது கணினிக்குச் சொல்லும். டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துவார். வண்டி குறித்த வேகத்தைத் தாண்டினால் கணினி பிரேக்கைப் போடும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடும். ஒரு நொடிக்குள் பலமுறை போட்டுப் போட்டு விடும். அப்போது கடகடவென்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம்.

மனிதனுக்கு ஒரே ஒரு பிரேக் மிதிகட்டைதான். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க அவனால் முடியாது. கணினியால் முடியும். டிரைவர் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் மட்டும் கவனம் வைக்கலாம்.

இன்னொரு வசதியும் வந்தது. 2007ஆம் ஆண்டு ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் லேண்ட் குரூசர் வண்டியில் அதை வைத்தது. இதில் பிரேக்கோடு ஆக்சிலேட்டரையும் கணினியே பார்த்துக்கொள்ளும். பாறையிலும் மணலிலும் வண்டி ஒரே சீராக ஊர்ந்து போகும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றினால் அதைப் பிடித்து நிறுத்தும். பலம் மற்ற சக்கரத்துக்குப் போகும்.

நம் நாட்டில் 2023இல் வந்த மாருதி ஜிம்னி வண்டியில் மெல்ல இறங்கும் வசதி இருக்கிறது. 2024இல் வந்த மகிந்திரா தார் ராக்ஸ் வண்டியின் நான்கு சக்கர இழுவை வகையில் ஊர்ந்து போகும் வசதியும் உண்டு.

எதை அது செய்யாது?

இந்த வசதி இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணக்கூடாது. கணினி பிரேக்கைத்தான் போடும். டயர் தரையைப் பிடிக்க வேண்டுமே! உறைபனியிலும் வழுக்குச் சேற்றிலும் டயருக்குப் பிடி இல்லை. பிடி இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் காப்பாற்றாது. தேய்ந்த டயரைக் கணினி புதிதாக்காது. முன்னால் பாதை இடிந்திருப்பதும் அதற்குத் தெரியாது.

கணினி போட்டாலும் அதுவும் பிரேக்தான். அதுவும் சூடேறும். எனவே நீண்ட இறக்கத்தில் சிறிய கியர் கட்டாயம் வேண்டும். சூடு மிஞ்சினால் சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும். வசதி தானே விலகிவிடும். அந்த விளக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டில் எல்லா விளக்குகளின் பொருளும் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் அதை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

மலைப் பாதையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பாதை தெரியாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். இறங்கி நடந்து பாருங்கள்.

2. இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி 4எல் போடுங்கள். பாதி வழியில் மாற்ற வேண்டாம்.

3. சரிவில் நேராக இறங்குங்கள். குறுக்கே போனால் வண்டி கவிழும்.

4. ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். நியூட்ரலில் உருள விடாதீர்கள். ரிவர்ஸ் கியர் போட்டு நேராகப் பின்னால் இறங்குங்கள்.

5. குறுகிய மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இது சாலை விதி.

6. கருகல் வாடை வந்தால் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பிரேக் ஆறட்டும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. அளவுக்கு மேல் ஆள் ஏறினால் எடை கூடும். எடை கூடினால் பிரேக்கின் சூடும் கூடும். மேற்கூரையில் மூட்டை ஏற்றினால் வண்டி எளிதில் சாயும். “சீக்கிரம் போங்கள்” என்று டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் மெல்ல இறங்கினால் அது சோம்பல் அல்ல, திறமை.

யோசித்துப் பேசுங்கள்

உங்கள் ஊருக்கு வரும் வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்? எத்தனை பேர் ஏறுகிறார்கள்?

இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை விடும் டிரைவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?