நீச்சல் குளம் கட்டுமுன் சிந்திக்க வேண்டியவை



மலேசியாவில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆறுகள் உண்டு, கடற்கரை உண்டு, ஈயம் தோண்டியெடுத்தபின் கைவிடப்பட்ட ஈயக்குட்டைகளும் உண்டு. ஆனால், முறையாக நீந்தக் கற்ற பிள்ளைகள் நம்மிடையே குறைவு. குளிக்கச் சென்ற சிறுவர்கள் நீரில் மூழ்கி மாண்ட செய்தியைப் பள்ளி விடுமுறைக் காலங்களில் நாளேடுகளில் பலமுறை படித்து வருந்தியிருக்கின்றோம். ஆகவே, "நம் பிள்ளைகளுக்கென்று ஒரு நீச்சல் குளம் கட்டினால் என்ன?" என்று குடியிருப்பாளர் சங்கங்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், வசதியுள்ள குடும்பங்களும் எண்ணுவது இயல்பே. நல்ல எண்ணம்தான். ஆனால், 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி குளத்தில் இறங்குவோர்க்கு மட்டுமன்று, குளம் கட்டுவோர்க்கும் பொருந்தும்.

நீச்சல் குளங்களில் எத்தனை வகை உண்டு? எது யாருக்கு ஏற்றது? இவற்றை இன்று பார்ப்போம். விளக்கத்திற்காக ஒரு குளத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். இவற்றைப் பெருக்கினால் 60 கன மீட்டர் வரும். அதாவது 60,000 லிட்டர் நீர். அதன் எடை 60 டன். இந்தக் கணக்கு நமக்குப் பின்னர் உதவும்.

முதலாவது, கான்கிரீட் குளம். பள்ளம் தோண்டி, இரும்புக் கம்பிகளைப் பின்னி, அதன்மேல் கான்கிரீட்டை வார்த்தோ பீய்ச்சியடித்தோ இதைக் கட்டுகிறார்கள். கான்கிரீட் தன் முழு வலுவைப் பெற 28 நாள் ஆகும் என்பது கட்டடத் துறையின் வழக்கமான கணக்கு. அதன்பின் நீர்க்காப்புப் பூச்சும் பீங்கான் ஓடும் பதிக்க வேண்டும். ஆகவே, வேலை முடியப் பல மாதங்கள் ஆகலாம். செலவும் மிகுதி. ஆனால், விரும்பிய வடிவிலும் அளவிலும் கட்டலாம். ஒழுங்காகப் பேணினால் பல தலைமுறை பயன்படும். பொதுக் குளங்களும் பள்ளிக் குளங்களும் பெரும்பாலும் இவ்வகையே.

இரண்டாவது, கண்ணாடியிழைக் குளம். பைபர்கிளாஸ் என்று சொல்கிறோமே, அதுதான். தொழிற்சாலையில் ஒரே தொட்டியாக வார்க்கப்பட்டு, லாரியில் ஏற்றிவரப்பட்டு, பளுதூக்கியால் பள்ளத்தில் இறக்கப்படுகிறது. சில நாட்களிலேயே வேலை முடிந்துவிடும். உட்புறம் வழவழப்பாக இருப்பதால் பாசி எளிதில் பற்றாது. ஆனால், சாலை வழியே வரவேண்டியிருப்பதால் அகலத்திற்கு ஒரு வரம்பு உண்டு. வரிசை வீடுகளின் பின் சந்துக்குள் அந்த லாரி நுழையுமா என்பதையும் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வினைல் விரிப்புக் குளம். இரும்புத் தகடு அல்லது பிளாஸ்டிக் பலகைகளால் சுவர் அமைத்து, உள்ளே தடித்த வினைல் விரிப்பை இழுத்துக் கட்டுகிறார்கள். தொடக்கச் செலவு குறைவு. ஆனால், விரிப்பு கிழியக்கூடியது; ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

நான்காவது, தரைமேல் குளம். பள்ளம் தேவையில்லை. சமமான தரையில் சட்டங்களை நிறுத்தி, பிளாஸ்டிக் தொட்டியைப் பொருத்திவிடலாம். நான்கிலும் மலிவானது இதுவே. ஆயுள் குறைந்ததும் இதுவே.

இந்த நான்கில் ஒன்றை விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது. குளத்தின் வகையை முதலில் தீர்மானிப்பது மண். சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931ஆம் ஆண்டில் மவுண்ட் எமிலியில் திறக்கப்பட்டது. அதற்கெனப் புதிதாகப் பள்ளம் தோண்டவில்லை. அங்கிருந்த பழைய நீர்த்தேக்கத்தையே குளமாக மாற்றினார்கள். இருக்கும் இடத்திற்கு ஏற்பத் திட்டமிடுவதே அறிவுடைமை. கிந்தா பள்ளத்தாக்கிலும் பூச்சோங் போன்ற வட்டாரங்களிலும் பழைய ஈயச் சுரங்க நிலங்கள் உள்ளன. அங்கே மேலே உறுதியாகத் தோன்றும் தரையின் அடியில் சேறு இருக்கலாம். கிள்ளான் கரையோரத்தில் மென்மையான களிமண் உண்டு. இத்தகைய மண் சீராக அமுங்காது. ஒரு புறம் தாழ்ந்தால் கான்கிரீட் வெடித்துவிடும். எனவே, மண் பரிசோதனை செய்யாமல் குத்தகையாளரிடம் முன்பணம் கொடுக்கலாகாது.

மண்ணைவிட வியப்பூட்டுவது நிலத்தடி நீர். காலி வாளியை நீர்த்தொட்டிக்குள் அழுத்திப் பாருங்கள். அது மேலே எழும்பப் பார்க்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இதுதான். காலியான நீச்சல் குளமும் மண்ணுக்குள் புதைந்த வாளியே. மழைக்காலத்தில் குளத்தின் அடித்தரைக்கு மேல் 1 மீட்டர் உயரம் நிலத்தடி நீர் ஏறிவிட்டதாகக் கொள்வோம். நம் குளத்தை அந்நீர் ஏறத்தாழ 50 டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். பைபர்கிளாஸ் தொட்டி அதன் முன் நிற்குமா? படகைப் போல் கிளம்பிவிடும். கான்கிரீட் மட்டும் என்ன? தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம் என்றால் அதன் எடை சுமார் 40 டன்தான். அதுவும் ஆபத்திற்குள்ளாகும். நீர் நிறைந்திருக்கும்வரை அந்த 60 டன் எடை குளத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, தாழ்வான நிலத்தில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு அடியில் இருக்க வேண்டும். கழுவுவதற்காக என்றாலும், மழைக்காலத்தில் பொறியாளரைக் கேளாமல் குளத்தைக் காலி செய்யக்கூடாது.

அடுத்தது பராமரிப்பு. யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதா? குளத்தின் கதையும் அதுதான். நம் 60 கன மீட்டர் நீரும் 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டி வழியே சென்றுவர வேண்டுமானால், மணிக்கு 10 கன மீட்டர் இறைக்கும் பம்பு வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். கிருமிகளைக் கொல்ல லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நீரில் இருக்க வேண்டும். வெயில் குளோரினைச் சிதைக்கிறது. குளிப்போரின் வியர்வையும் அழுக்கும் அதைத் தீர்க்கின்றன. நம் நாட்டு வெயிலில் அதை நாள்தோறும் அளந்து பார்ப்பது அவசியம்.

"உப்புநீர்க் குளம் கட்டினால் குளோரின் தேவையில்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. லிட்டருக்கு 3 கிராம் வீதம் 180 கிலோ உப்பைக் கரைத்து, அந்நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் குளோரினை அங்கேயே உண்டாக்குகிறார்கள். குளோரினைச் சுமந்து வரும் வேலை மிச்சம்; அளந்து பார்க்கும் வேலை மிச்சமில்லை. உலோகப் பொருட்களும் விரைவில் அரிக்கப்படும்.

பணம் தீர்ந்து பம்பு நின்றால் என்ன ஆகும்? சில நாட்களில் நீர் பச்சையாகும், அடி தெரியாது. அடி தெரியாத குளத்தில் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. கொசுவும் பெருகும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உரிமையாளர் தண்டனைக்கும் ஆளாகலாம். பிள்ளைகளைக் காக்கக் கட்டிய குளமே அவர்களுக்கு ஆபத்தாகிவிடும்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஆழம் கூடினால்தான் நல்ல குளம் என்று பலர் நினைக்கின்றனர். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கால் தரையில் பட வேண்டும்; அப்போதுதான் அச்சம் நீங்கும். ஒரு முனையில் 0.7 மீட்டர், மறுமுனையில் 1.1 மீட்டர் என்று அமைத்தால் சராசரி ஆழம் 0.9 மீட்டராகிறது. நீர் 45,000 லிட்டராகக் குறைகிறது. மருந்துச் செலவும் மின்செலவும் கூடவே குறையும். ஆனால், இத்தகைய குளத்தில் தலைகீழாகப் பாய்வதை அறவே தடைசெய்ய வேண்டும்.

எந்த வகையானாலும் வேலி கட்டாயம். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்திற்கும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும் என்பது விதி. நாமும் பின்பற்றத்தக்க விதி அது. நீரை உறிஞ்சும் அடித்துளைக்கு உறுதியான மூடி வேண்டும். உறிஞ்சும் விசை ஓரிடத்தில் குவியாதபடி இரண்டு துளைகள் இருப்பது நலம். பிள்ளைகள் நீரில் இருக்கும்போது, காப்பாற்றத் தெரிந்த பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் கரையில் நிற்க வேண்டும்.

நேயர்களே, உறுதியான மண்ணும் நிலையான மாத நிதியும் உள்ள சங்கத்திற்குக் கான்கிரீட் குளம் ஏற்றது. இடமும் லாரிப் பாதையும் உள்ள குடும்பத்திற்குப் பைபர்கிளாஸ் போதும். விரிப்பு மாற்றும் செலவை இப்போதே ஒதுக்க முடிந்தால் வினைலை எண்ணலாம். சில ஆண்டுகளுக்குப் பயிற்சி மட்டும் போதுமென்றால் தரைமேல் குளம் உதவும். மாதச் செலவுக்கு வழியே இல்லையா? அப்படியானால் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் வாரம் ஒருமுறை பேருந்து அமர்த்தி, பிள்ளைகளை அருகிலுள்ள பொது நீச்சல் குளத்திற்கு அழைத்துச் சென்று, தகுந்த பயிற்றுநரிடம் ஒப்படையுங்கள். நம் பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டும் என்பதே நோக்கம். சொந்தக் குளம் இல்லாமலும் அது நிறைவேறும்.